கிளெண்டா வீட்டுச் சாப்பாட்டின் சந்தை விலை

கெல்பி பேருந்து நிலையத்தில் ஜூன் மாதத்தில் அகலத் தோள்காரன் ஒருவன் பெரிய பயணப் பையோடு இறங்கி முழித்துக்கொண்டு நின்றால், யாரும் அவனிடம் பெயர் கேட்பதில்லை. "கிளெண்டா வீடு அந்தப் பக்கம், தபாலாபீஸ் தாண்டி" என்று கையை நீட்டிவிடுவார்கள்.

எங்கள் ஊர் ரக்பி லீக் அணியின் சீசன் பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பரில் முடியும். ஜூன் வருவதற்குள் ஒருவனுக்கு முழங்கால் போயிருக்கும், இன்னொருவனுக்குத் தோள் நழுவியிருக்கும். அப்போது சேர்மன் டெரெக் லம் எங்கிருந்தாவது ஓர் ஆளைப் பிடித்து வருவார். மிச்சமிருக்கும் நாலு மாதத்துக்கு மட்டும் வருகிறவனுக்கு யார் வீடு தருவார்கள்? பதினோரு வருடமாக அப்படி வந்தவர்கள் எல்லோரும் கிளெண்டா ஆக்ராய்டின் மாடி அறையில்தான் தங்கினார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் நடுசீசன் பிள்ளைகள். கிளெண்டா அத்தைக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

உறவில் அவர் எனக்கு அத்தை இல்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், அவ்வளவுதான். அறுபத்தொரு வயது. வாரநாட்களில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. ஆட்டம் நடக்கும் நாட்களில் வடக்குப் பக்கக் கம்பங்களுக்குப் பின்னால் இருக்கும் சிப்ஸ் கடை அவர் ராஜ்ஜியம். ஜன்னலுக்குள்ளிருந்து அவர் குரல் எதிர்ப்பக்க இருக்கைகள் வரை கேட்கும்.

"தட்டை நேராப் பிடிடா. உங்க அப்பன் பந்தைப் பிடிச்ச மாதிரியே பிடிக்கிறே!"

இப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி கிரேவியைக் கூடுதலாக ஊற்றுவார். வசவு கிடைக்காமல் திரும்பியவன் அத்தைக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று கவலைப்படுவான்.

வாளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் யாருக்காவது கஷ்டம் வந்தால், வீடு எரிந்தாலும் சரி, ஆட்டக்காரனுக்குக் கழுத்தெலும்பு முறிந்தாலும் சரி, இடைவேளையில் ரசிகர் சங்கத்தார் சிவப்பு வாளி ஒன்றைக் கூட்டத்துக்குள் கொண்டு வருவார்கள். வாளியின்மேல் அந்த ஆளின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த வாளியும் கிளெண்டா அத்தையின் ஜன்னலைக் காலியாகத் தாண்டியதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஏப்ரன் பைக்குள்ளிருந்து ஒரு பவுண்டு நாணயத்தை எடுத்துப் போடுவார். ஆனால் அவர் கணவர் ரோனி இறந்தபோது ரசிகர் சங்கத்தார் வீடு தேடிப் போய் வாளி விடட்டுமா என்று கேட்டார்கள். "எங்க ரோனி பேரை வாளில எழுதினீங்க, அந்த வாளியை உங்க தலையிலயே கவுத்துருவேன்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கணக்கியல் படித்துவிட்டு கெல்பிக்கே திரும்பி வந்து, அணியின் அலுவலகத்தில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் என் அம்மா, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், "வரம்பைப் பாத்துக்கறா" என்பார். அதைவிடச் சரியாக என்னாலும் சொல்ல முடியாது.

வரம்பு என்பது சம்பள வரம்பு. ஓர் அணி ஒரு வருடத்தில் தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. பணக்கார அணி ஒன்றே நல்ல ஆட்களையெல்லாம் அள்ளிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்தது. பாதி சீசனில் வருகிறவன் விஷயத்தில் இந்த விதி கொஞ்சம் இளகும். அவனுடைய வருடச் சம்பளம் முழுவதும் கணக்கில் ஏறாது, மிச்சமிருக்கும் மாதங்களின் பங்கு மட்டும்தான் ஏறும். கெல்பி மாதிரிக் கையில் காசில்லாத அணிகள் ஜூனுக்காகக் காத்திருப்பது அதனால்தான். ஜனவரியில் எட்டாத ஆள் ஜூனில் எட்டுவான். ஆனால் அதே விதிக்குள் ஒரு முள் இருக்கிறது. அணி ஏற்பாடு செய்து தரும் வீடு, சாப்பாடு, வண்டி எதுவானாலும் அதற்குச் சந்தை விலை போட்டுச் சம்பளத்தோடு கூட்டுவார்கள். ஆட்டக்காரன் தன் கையிலிருந்து கொடுத்திருந்தால் அதைக் கழிப்பார்கள்.

அந்த ஜூனில் முன்வரிசையில் முட்டி மோதுகிறவர்கள் இரண்டு பேர் ஒரே ஆட்டத்தில் காயப்பட்டு விழுந்தார்கள். சேர்மன் டைட்டஸ் கெரெங்காவைப் பிடித்தார். பப்புவா நியூ கினியின் கொரோக்கா ஊர்க்காரர். நூற்றுப் பதினைந்து கிலோ, அதிகம் பேசாத ஆள். செப்டம்பர் வரைக்கான அவருடைய பங்கைக் கூட்டிப் பார்த்தேன். வரம்புக்குக் கீழே மெல்லிய இடைவெளிதான் மிச்சம் இருந்தது.

"உக்காந்துட்டான்ல? கடைசி பஸ்ல கடைசி சீட்டு மாதிரி" என்றார் சேர்மன்.

"தங்கறது, சாப்பாடு?"

"அது கிளெண்டா. அவ காசே வாங்கமாட்டா. காசே இல்லாதது எப்படி சம்பளமாகும், பட்டதாரியம்மா?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முந்தைய வருடங்களில் இடைவெளி தாராளமாக இருந்ததால் யாரும் கேட்டதில்லை. இந்த முறை அப்படி இல்லை. போட்டிகளை நடத்தும் லீக் தலைமையகத்திடமே கேட்டேன். நேரில் வந்து பார்ப்பதாகவும், அதுவரை அந்த அம்மாவிடம் இதைப் பற்றி அணியிலிருந்து யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றும் பதில் வந்தது. நான் பேசவில்லை. லீக்கிலிருந்து ஒருத்தர் வருகிறார் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வசந்தத்தில்தான் வேறோர் ஊர் அணி, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இரண்டு பேரைக் கார் கொட்டகையில் மெத்தை போட்டுப் படுக்கவைத்தது என்று செய்தித்தாள்களில் நாறிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் படித்துவிட்டுக் கடை ஜன்னலிலேயே கத்தியிருந்தார். ஆகவே லீக்கிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் அவர் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். கெல்பி தன் பிள்ளைகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறதா என்று சோதிக்க வருகிறார்கள்!

வந்தவர் பெயர் ஃபேர்லி. மெல்லிய ஆள், மெல்லிய குரல். ரயில் நிலையத்திலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். முன்னறையில் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் பரப்பியிருந்தன. நடுவில் ஆட்டுத்தொடை ரோஸ்ட் ஆவி பறக்க இருந்தது. டைட்டஸ் சோபாவின் ஓரத்தில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க சார். ரயில்ல வந்திருக்கீங்க, மூஞ்சியே வெளுத்துப் போச்சு" என்று அத்தை அவர் தட்டில் இறைச்சியை அடுக்கினார்.

"காலையில டைட்டஸுக்கு என்ன சாப்பாடு மேடம்?"

"ஆறு முட்டை! கஞ்சி தனியா. பன்றிக்கறி வறுவல் தனியா. முன்வரிசைல ஆடறவனுக்கு வயித்தைக் காயப்போட முடியுமா?"

"மதியம்?"

"மதியம் கறி. ராத்திரியும் கறி. வெள்ளிக்கிழமை ஸ்டேக். இவ்ளோ தடி!"

நான் மேசைக்கு அடியில் கால் நீட்டி அவர் காலைத் தொட்டேன். "என்னடி கீலி, எலியா ஓடுது கீழ?" என்றார்.

"அறை?"

"எங்க வீட்லயே நல்ல அறை. புது மெத்தை. இந்த ஜூன் மழைக்கும் ஹீட்டர் பகல் ராத்திரின்னு ஓடிக்கிட்டே இருக்கு. துணி நான்தான் துவைக்கறேன், இஸ்திரி போடறேன். அவன் சாக்ஸுக்குக்கூட இஸ்திரி! போய் எழுதுங்க சார். கெல்பில கொட்டகைல படுக்க வைக்கறதில்லைன்னு எழுதுங்க."

ஃபேர்லி டைட்டஸைப் பார்த்தார். "இதெல்லாம் சரிதானா?"

டைட்டஸ் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொன்னா சரிதான்" என்றார்.

"நீங்க ஏதாவது கொடுக்கறீங்களா இவங்களுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "பிள்ளைங்ககிட்ட காசு வாங்கற வீடா இது?"

ஃபேர்லி இரண்டாம் முறையும் ரோஸ்ட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அத்தை வாசல் வரை வந்து கையசைத்தார். அவர் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் முடிவு வந்தது. முழுநேரச் சாப்பாட்டோடு நல்ல அறை, வெப்பம், துணி துவைப்பு எல்லாவற்றுக்கும் சந்தை விலை போட்டிருந்தார்கள். அத்தையின் ஒவ்வொரு பெருமையும் ஒரு தொகையாகி இருந்தது. வரம்பு தாண்டிவிட்டது. விசாரணை முடியும்வரை டைட்டஸ் ஆடக் கூடாது. விசாரணையிலும் இதுவே நின்றால் அவருடைய பதிவு ரத்தாகும். அணிக்குப் புள்ளிகளும் குறையும்.

டைட்டஸ் இல்லாமல் அடுத்த ஆட்டத்தில் எங்கள் முன்வரிசை அட்டைப்பெட்டி மாதிரி மடங்கியது. ஊருக்கு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். கிளெண்டா வாயைத் திறந்ததால் வந்த வினை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இடைவேளையில் சிப்ஸ் ஜன்னலில் வழக்கம்போல் வரிசை நின்றது.

"எனக்குப் பாதி சிப்ஸ் போதும் கிளெண்டா. பாதி சீசன்தானே!"

"கிரேவி வேணாம்ப்பா. அதுக்கும் லீக்ல விலை போட்டுருவான்."

"ஆறு முட்டை இருந்தா ஒண்ணு குடு!"

சிரிப்பு வந்தது. அவர்களுக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை, வழக்கமான கிண்டல்தான். ஆனால் அன்று அத்தை யாரையும் திரும்ப வையவில்லை. பேசாமல் சிப்ஸை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கூடுதல் கரண்டி மட்டும் நிற்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து மூலைக் கடையில் டைட்டஸைப் பார்த்தேன். கூடையில் முட்டை, கொத்துக்கறி, பால், ரொட்டி. கல்லாவில் ஒரு மின்மீட்டர் சாவியை நீட்டிப் பணம் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் முன்கூட்டியே பணம் ஏற்றும் மீட்டர்தான். ஏற்றாவிட்டால் விளக்கும் இல்லை, ஹீட்டரும் இல்லை. அந்தச் சாவியில் அணியின் நிறத்தில் ஒரு பழைய நாடா கட்டியிருந்தது. ரோனி மாமா கட்டியது. சின்ன வயதில் அதை வைத்து நான் விளையாடியிருக்கிறேன்.

"அது அத்தை வீட்டுச் சாவிதானே?"

அவர் அதைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும்தான் பேசினார்.

"தங்கச்சி, பாத்ததை விட்டுரு."

"எத்தனை நாளா நீங்க வாங்கிப் போடறீங்க? கறியும் நீங்கதானா?"

அவர் நடக்கத் தொடங்கினார். நானும் கூடவே நடந்தேன்.

"டைட்டஸ், இதை ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க செலவழிக்கறதைக் கழிச்சிட்டா வரம்புக்குள்ள வந்துருவீங்க. ஆடலாம்."

"ஒருத்தர் கூரைக்குக் கீழ தூங்கிட்டு, அவங்க அடுப்புல ஒண்ணும் இல்லைன்னு வெளில வந்து சொல்றவனை எங்க ஊர்ல மனுஷன்லயே சேக்கமாட்டாங்க."

"சொல்லலைன்னா பதிவே போயிடும். நீங்க ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

"தெரியும்." பையைக் கை மாற்றிக்கொண்டார். "ஊர்ல என் தங்கச்சி நர்ஸுக்குப் படிக்கறா. கடைசி வருஷம். எங்க வீட்ல முதல் படிப்பு அவதான். அவளுக்கு வேற வழி பாக்கணும். ஆனா இதைச் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் செய்தேன். கொரோக்காவில் என்னை மாதிரி ஒருத்தி, அண்ணனின் ஜூன் சம்பளத்தை நம்பிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போகாமல் தெருவைச் சுற்றினேன். நானும் படித்தேன், எனக்காகவும் யாரோ எதையோ குறைத்துக்கொண்டார்கள். அம்மா இரவில், "நான் பள்ளிக்கூடத்துலயே சாப்பிட்டுட்டேன்" என்று சொன்ன நாட்களில் உண்மையில் சாப்பிட்டிருந்தாரா? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் கிளெண்டா அத்தை வீட்டுக்குப் போனேன். பேசக் கூடாது என்ற தடை அப்போது இல்லை. சமையலறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைட்டஸ் பயிற்சிக்குப் போயிருந்தார்.

"அந்த ஆளு நல்லாத்தான சாப்பிட்டுட்டுப் போனான்? நான் என்னடி தப்பாச் சொல்லிட்டேன்? ஒருத்தனும் சொல்லமாட்டேங்கறான். எல்லாரும் சிரிக்கறானுங்க."

நான் விதியைச் சொன்னேன். மெதுவாக, முதலிலிருந்து, பாதி சீசனின் பங்கு, சந்தை விலை, கழிவு எல்லாம். கடையில் பார்த்ததைச் சொல்லவில்லை.

"அப்ப நான் நிறையக் குடுத்தா அவன் ஆடக் கூடாது. கம்மியாக் குடுத்தா ஆடலாம்."

"ஆமா அத்தை."

"என்னடி விதி இது?"

"எல்லா ஊரும் சமமா இருக்கணும்னு..."

"சமமா!" என்று சிரித்தார். பிறகு எழுந்து, ஏற்கெனவே காய்ந்திருந்த ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணுமே குடுக்கலைன்னா?"

"ஒண்ணுமே குடுக்கலைன்னா ஒண்ணும் ஏறாது."

"ம்."

கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போ, உங்கம்மா தேடுவா" என்றார்.

அன்று நான் அங்கே விதியை விளக்கத்தான் போனேனா, வேறொன்றை அவர் வாயிலிருந்து வரவழைக்கப் போனேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்பது உண்மை. அது மட்டும்தான் உண்மையா என்று தெரியவில்லை.

விசாரணை மைதானத்தின் மாடியிலிருக்கும் ரசிகர் கூடத்தில் நடந்தது. சிந்திய பீரின் வாடை கம்பளத்தை விட்டு எப்போதும் போகாது. ஃபேர்லியும் லீக்கிலிருந்து இன்னும் இரண்டு பேரும் ஒரு பக்கம், சேர்மன், டைட்டஸ், நான் ஒரு பக்கம். கிளெண்டா அத்தையை யாரும் அழைக்கவில்லை. பாதியில் கதவைத் திறந்துகொண்டு அவராகவே வந்தார். ரோனி மாமாவின் இறுதிச் சடங்குக்குப் போட்ட கறுப்புக் கோட் போட்டிருந்தார்.

"உட்காருங்க மேடம்" என்றார் ஃபேர்லி.

"உக்காந்தா சொல்லமாட்டேன். நின்னுக்கிட்டே சொல்லிடறேன்." நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் பொய்."

டைட்டஸ் எழுந்தார். "அம்மா, வேணாம்."

"நீ உக்காருடா." அவர் உட்கார்ந்தார். "ஆறு முட்டைன்னு சொன்னேன்ல சார். முட்டை வாங்கறது அவன். கறி வாங்கறது அவன். அந்த ஆட்டுத்தொடை, நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே, அதுவும் அவன் வாங்கினதுதான்."

ஃபேர்லியின் காது மடல்கள் சிவந்தன.

"பிஸ்கட் கம்பெனில போன அக்டோபர்லயே என் வேலை நாளைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. மாசக் கடைசில டோஸ்ட்டும் டீயும்தான். இவன் வந்த மொத நாள் சூப் வச்சேன். தண்ணி மாதிரி இருந்துச்சு. பாதியை என் தட்டுல ஊத்திட்டு, பசிக்கலைம்மாங்கறான். இந்த உடம்புக்குப் பசிக்கலையாம்!" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "ரெண்டாம் நாள் பை நிறையக் கறியோட வந்தான். எங்க ஊர்ல விருந்தாளிதான் வாங்கிட்டு வரணும்னான். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நானும் சரிடான்னுட்டேன். பசி. மீட்டருக்கும் அவன்தான் போடறான். மெத்தையும் புதுசில்ல. எங்க ரோனி செத்த மெத்தை."

கீழே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் அவனைப் பாத்துக்கலை சார். அவன்தான் என்னைப் பாத்துக்கறான். அதுக்கு என்ன விலையோ, போட்டுக்கங்க."

டைட்டஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

சேர்மன் கனைத்தார். அத்தையும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பதினோரு வருடமாக அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பியவர், ஒரு மூட்டை உருளைக்கிழங்குகூட அனுப்பியதில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கிளெண்டா."

"உங்கிட்டயா? மறு ஆட்டத்துக்கே வாளில எம் பேரு இருந்திருக்கும்."

சேர்மன் கம்பளத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"இங்க பேசினது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கும் சத்தம் கேட்டது.

டைட்டஸ் அதன்பின் மறுக்கவில்லை. அவருடைய செலவைக் கழித்ததும் எல்லாம் வரம்புக்குள் வந்தது. பதிவு பிழைத்தது. அங்கிருந்த யாரும் வெளியே ஒரு சொல் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் லீக் தன் முடிவைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்பதும் விதி. "தங்கியிருந்த வீட்டின் உணவு, மின்செலவை ஆட்டக்காரரே ஏற்றிருந்ததால்" என்று ஒரே வரி. இது கெல்பி. அந்த ஒரு வரி போதும்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் டைட்டஸ் ஆடினார். எதிரணியின் இரண்டு பேரைச் சுமந்துகொண்டே எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்தபோது, மைதானமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. இடைவேளையில் சிப்ஸ் ஜன்னலுக்கு வந்தவர்கள் யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் மோசம். "ரொம்ப நன்றி கிளெண்டா", "மிச்சம் நீங்களே வச்சுக்கங்க" என்று மெதுவாகப் பேசினார்கள். நாற்பது வருடமாக யாரும் அவரிடம் மெதுவாகப் பேசியதில்லை.

அப்போது தெற்குப் பக்கத்திலிருந்து சிவப்பு வாளி கிளம்பியதைப் பார்த்தேன். ரசிகர் சங்கத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கூட்டம் அவர்களை நிறுத்தி நிறுத்திக் காசு போட்டது, நோட்டுகள்கூட. வாளியில் எழுதியிருந்த பெயர் தூரத்திலிருந்தே தெரிந்தது.

மேலே முக்கியஸ்தர் இருக்கையிலிருந்து சேர்மனும் பார்த்திருக்க வேண்டும். சூட்டும் பளபளக்கும் ஷூவுமாகப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். அந்த உடம்போடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. "குடுடா இங்க, அறிவு கெட்டவனே!" என்று வடக்குப் பக்கத்தில் வாளியைப் பிடுங்கினார். மறைக்க இடம் தேடித் திரும்பினார். திரும்பிய இடத்தில் சிப்ஸ் ஜன்னல் இருந்தது.

உள்ளே கிளெண்டா அத்தை கரண்டியோடு நின்றிருந்தார். வாளியின் எழுத்து அவர் பக்கம்தான் பார்த்திருந்தது. அவர் படித்தார். நான் இல்லை, நான் தடுக்கத்தான் வந்தேன் என்று சேர்மன் சொல்ல நினைத்திருப்பார். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அத்தை கரண்டியை வைத்தார். கையை ஏப்ரனில் துடைத்தார். பைக்குள் தேடி ஒரு பவுண்டு நாணயத்தை எடுத்து, எப்போதும் போடுவதுபோலவே, தன் பெயர் எழுதிய வாளிக்குள் போட்டார்.

"இந்தா, எம் பங்கு" என்றார்.

பிறகு ஷட்டரை இழுத்துவிட்டார். ஆட்டத்தின் நடுவில் அந்த ஷட்டர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் டைட்டஸ் குளிக்காமல், சேற்று உடையோடு வந்து ஷட்டரைத் தட்டினார்.

"அம்மா. வீட்டுக்குப் போலாம். பசிக்குது."

பிறகு பின்கதவு திறந்தது. கிளெண்டா அத்தை கோட்டைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது. ஆறிப்போன சிப்ஸ் பொட்டலம் ஒன்றை டைட்டஸ் கையில் திணித்தார்.

"ஷூவைத் தொடச்சுட்டு வீட்டுக்குள்ள வா. தரையை நீயா துடைக்கப் போறே?"

"நான்தானே துடைக்கறேன்."

"வாயை மூடுடா."

கூட்டம் முன்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் பின்பக்கச் சந்து வழியாகப் போனார்கள்.

டைட்டஸின் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிந்தது. அத்தை இப்போதும் சிப்ஸ் ஜன்னலில் நிற்கிறார். ஆனால் எவனையும் வைவதில்லை.

அந்த வாளியை அன்று மாலை சேர்மன் என் அலுவலக அறைக்குக் கொண்டு வந்தார். அத்தையிடம் கொடுக்க முடியாது. போட்டவர்களுக்குத் திருப்பித் தரவும் முடியாது. "நீ வச்சிக்க, ஏதாவது பண்ணு. படிச்சவ நீ" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். வருகிற போகிற ஒவ்வொரு காசுக்கும் ஒரு தலைப்பு கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்கு நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி, கோட் மாட்டும் கம்பிக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் வந்ததும் என் கோட்டை அதற்கு மேலே தொங்கவிடுகிறேன்.